ஜெயித்தவர் ஏன் அழுகிறார்? ஸ்பிரிண்டர்களையும் அவர்கள் அணியையும் பற்றி ஒரு பேச்சு

கடைசி200 எழுதியது:

2021 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் நான்காவது ஸ்டேஜை, அதாவது நான்காவது நாள் ஓட்டத்தை, நேற்று ராத்திரி திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெடோனில் கிளம்பி ஃபூஜேரில் முடியும் 150 கிலோமீட்டர். தட்டையான பாதை, கடைசி வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. லோட்டோ அணியின் பிரென்ட் வான் மோயர் மட்டும் தனியாக முன்னால் போய், கோட்டுக்கு 200 மீட்டர்கூட இல்லாத இடத்தில் பிடிபட்டுப் போனார். அவரைத் தாண்டிப் பாய்ந்து மார்க் கேவண்டிஷ் ஜெயித்தார்.

பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட் தவிர வேறு எதையும் பார்க்காதவர். கேவண்டிஷ் தேம்பி அழுவதையும், அணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேரச் சேர அவர்களைக் கட்டிக்கொள்வதையும் பார்த்துவிட்டு, “ஜெயிச்சவன் எதுக்குப்பா இப்படி அழறான்? தோத்தவன்ல அழணும்?” என்றார்.

நான் கதையைச் சொன்னேன். 2016-க்குப் பிறகு அவருக்கு டூரில் ஒரு வெற்றிகூட இல்லை. நடுவில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உடம்பைச் சாய்த்தது, 2018-ல் மன அழுத்த நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2020 அக்டோபரில் கென்ட்-வெவல்கம் பந்தயம் முடிந்ததும், இதுவே தன் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதார். மறு வருடம் டூருக்கு அவர் பெயரே இல்லை. சாம் பென்னெட்டுக்கு முழங்காலில் அடிபட்டதால், தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது கூப்பிட்டார்கள். வந்தவர் நான்காவது நாளே ஜெயித்துவிட்டார்.

மாமா பொறுமையாகக் கேட்டார். “சரி, அது அவன் கதை. பக்கத்துல நிக்கறவங்களுக்கு ஏன் கண்ணு கலங்குது?”

இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் கேவண்டிஷ் மட்டும் இல்லை. 2020-ல் இல் டு ரே தீவில் முதல் டூர் ஸ்டேஜ் ஜெயித்த சாம் பென்னெட்டால் பேட்டியில் பேசவே முடியவில்லை. 2024-ல் டூரினில் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் ஜெயித்தபோதும் அதே காட்சி. டூரில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். மலை ஏறி ஜெயிப்பவர்கள் இந்த அளவு உடைந்து நான் பார்த்ததில்லை. கடைசி சில நொடி வேகத்தில் ஜெயிக்கும் ஸ்பிரிண்டர்களுக்கு மட்டும் அப்படி என்ன? இங்கே பல வருடமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

---

காற்றுமறைவு எழுதியது:

மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சைக்கிளில் நாம் போராடுவது பெரும்பாலும் காற்றோடு. முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு, சில நேரம் அதற்கு மேலும், மிச்சமாகும். முதல்முறை எட்டுப் பேர் கொண்ட குழுவோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிய விடியற்காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மணிக்கு 38 கிலோமீட்டர். பின்னால் இருந்தபோது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு வந்தேன். முன்னால் போகும் முறை வந்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி காற்று நெஞ்சில் அறைந்தது. ஒரு நிமிடம் தாங்கினேன். முழங்கையை ஆட்டி ஒதுங்கிப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. அது வெறும் 38.

டூரின் கடைசி மூன்று கிலோமீட்டரில் வேகம் 60-ஐத் தாண்டும். ஸ்பிரிண்டர் அப்போதும் காற்றைப் பார்க்கவே கூடாது. அவருக்கு முன்னால் நாலைந்து பேர் ரயில் பெட்டி மாதிரி வரிசையில் நிற்பார்கள். முதல் ஆள் தன்னால் முடிந்த மட்டும் இழுத்துவிட்டு ஒதுங்குவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார், அவரும் முடிந்து ஒதுங்குவார். கடைசியாக இருப்பவர்தான் லீட்-அவுட் ஆள். ஏறக்குறைய 200 மீட்டரில் அவர் விட்டுக்கொடுக்க, ஸ்பிரிண்டர் வெளியே வந்து பத்துப் பன்னிரண்டு நொடி ஓட்டுகிறார்.

அந்த வரிசை தொடங்குவதற்கு முன்னாலேயே ஒருவர் நாள் முழுக்க உழைத்திருப்பார். 2021-ல் கேவண்டிஷ் இருந்த அணியில் டிம் டெக்லெர்க். ‘டிராக்டர்’ என்பார்கள். தப்பி ஓடியவர்கள் ரொம்பத் தூரம் போய்விடாமல் மணிக்கணக்கில் பெலோட்டான் என்கிற பெருங்கூட்டத்தின் மூக்கில் நின்று இழுப்பது அவர் வேலை. ஸ்பிரிண்ட் தொடங்கும்போது டிவியில் அவர் முகமே வராது. பல நிமிடம் கழித்து மெதுவாக வந்து சேர்வார். அந்த டூரில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சை ஜெர்சியை கேவண்டிஷ் வாங்கினார். மொத்தப் பட்டியலில் கடைசி ஆளாகப் பாரிஸுக்கு வந்தவர் டெக்லெர்க். ஒரே அணி, ஒரே உழைப்பு.

இப்போது ஸ்பிரிண்டராக இருந்து யோசியுங்கள். ஏழு பேர் நான்கு மணி நேரம் செலவழித்ததை உங்கள் கையில் பத்து நொடிக்குக் கொடுக்கிறார்கள். தோற்றால் அவர்களுடைய அந்த நாள் எந்தக் கணக்கிலும் இல்லை. மலையில் தோற்பவருக்கு இரண்டாம் இடம், நேர வித்தியாசம் என்று ஏதாவது மிஞ்சும். இங்கே இரண்டாம் இடத்துக்குச் சில பச்சைப் புள்ளிகள்தான். 2017-ல் நுயி-சான்-ஜார்ஜில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு மார்செல் கிட்டல் எட்வால்ட் பொவாசன் ஹாகனை 6 மில்லிமீட்டரில் ஜெயித்தார். அந்த 6 மில்லிமீட்டரோடு பஸ்ஸுக்குள் போய் அணிக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் கணக்கில் ஸ்பிரிண்டரின் கண்ணீரில் பாதி கடன் தீர்ந்த நிம்மதி. பக்கத்தில் நிற்பவர்கள் கலங்குவது, தாங்கள் கொடுத்தது வீண் போகவில்லை என்பதால்.

---

மலைப்பாதை எழுதியது:

நல்ல விளக்கம். ஆனால் எனக்கு முழுக்க ஒப்பவில்லை.

கடன் என்று உணர்பவர் ஏன் அடிக்கடி கோபப்படுகிறார்? 2010-ல் ரீம்ஸில் தோற்றதும் கேவண்டிஷ் அணி பஸ் பக்கம் ஹெல்மெட்டை வீசி எறிந்தார். 2013-ல் சான் மாலோவில் டாம் வீலர்ஸ் விழுந்ததைப் பற்றிக் கேட்ட நிருபரின் ரெக்கார்டரைப் பிடுங்கினார். 2021-ல், நீங்கள் எல்லாரும் உருகும் அதே டூரில், ஒரு நாள் காலை மெக்கானிக்கிடம் கத்தியது வீடியோவாகவே வந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார், அது வேறு விஷயம். அந்த மெக்கானிக்கும் அணியில் ஒருவர்தானே? விடிய விடிய சைக்கிளைக் கழுவிச் சரிசெய்து வைப்பவர். அவருக்குக் கடன் இல்லையா?

நான் கேவண்டிஷைக் குறை சொல்ல வரவில்லை. ‘அன்பு’, ‘நன்றி’ என்று ஒரே நிறத்தில் வரைந்தால் படம் முழுமையாகாது என்கிறேன். அந்த வேகத்தில் தோளோடு தோள் இடித்து உள்ளே நுழைகிறவருக்குத் தன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வேண்டும். அது சக அணிக்காரரையும் சில நேரம் காயப்படுத்தும்.

---

கடைசி200 எழுதியது:

ரீம்ஸ் நினைவிருக்கிறது. மறுநாளே மான்டார்ஜியில் ஜெயித்து, மேடையிலேயே அழுததும் நினைவிருக்கிறது. ஹெல்மெட்டை எறிந்ததும் அழுததும் ஒரே ஆள், 24 மணி நேரத்துக்குள். ரீம்ஸில் அணி அவரைச் சரியாகக் கொண்டுபோய் விட்டது, அவருக்குத்தான் கால் எழும்பவில்லை. அந்தக் கோபம் தன்மேல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மெக்கானிக் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். அதற்கு நியாயம் சொல்ல முடியாது.

---

கொரில்லா_ரசிகன் எழுதியது:

மலைப்பாதை சொன்னதை வைத்து ஒரு பழைய கதை. ஒரே அணியில் இரண்டு ஸ்பிரிண்டர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

2008 ஜீரோ டி இத்தாலியா, அதாவது இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம், 17-வது ஸ்டேஜ், லொக்கார்னோ. ஹை ரோடு அணியின் கேவண்டிஷ், ஆந்த்ரே கிரைப்பல் இருவரும் முன்னால். கேவண்டிஷ் அதற்குள் இரண்டு ஸ்டேஜ் ஜெயித்துவிட்டார். கோடு நெருங்கும்போது பெடலை விட்டுக்கொடுத்து கிரைப்பலை முன்னால் போக விட்டார். முதலும் இரண்டும் ஒரே அணி. அவ்வளவு அழகான காட்சி.

அதற்குப் பிறகு இரண்டே வருடம். 2010-ல் மிலான்-சான் ரேமோ என்ற ஒரு நாள் பந்தயத்துக்கு அணி கேவண்டிஷைத் தேர்ந்தெடுத்தது. அவர்தான் முந்தைய வருடச் சாம்பியன். ஆனால் உடம்பு அப்போது ஃபார்மில் இல்லை. கிரைப்பலோ வருடத் தொடக்கத்திலிருந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். தன்னை விட்டுவிட்டது தப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். கேவண்டிஷ் பதிலுக்கு, கிரைப்பல் ஜெயிப்பதெல்லாம் சில்லறைப் பந்தயங்கள் என்கிற அர்த்தத்தில் பத்திரிகையிடமே பேசினார். அந்த வருட டூருக்கும் கிரைப்பல் பெயர் இல்லை.

உலகத்தின் மிக வேகமான இரண்டு பேர் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தால் ஒருவர் எப்போதும் வீட்டிலிருந்து டிவி பார்க்க வேண்டும். இதில் கெட்டவர் யாரும் இல்லை. ரயில் ஒன்றுதான், அதில் கடைசிப் பெட்டியும் ஒன்றுதான்.

கிரைப்பல் 2011-ல் அணி மாறினார். அந்த ஜூலையில் கார்மோ என்ற ஊரில், பத்தாவது ஸ்டேஜில், கேவண்டிஷைப் பக்கத்திலேயே முந்தி முதல் டூர் ஸ்டேஜை ஜெயித்தார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். மொத்தம் 11 டூர் ஸ்டேஜ். பார்க்க மலை மாதிரி உடம்பு, ‘கொரில்லா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒருவரைப் பற்றியும் கடுமையாகப் பேசிக் கேட்டதில்லை.

அவருடைய அந்த அமைதியும் உணர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றும். அழுபவர்களையும் கத்துபவர்களையும் மட்டுமே பார்த்தால், உள்ளே போட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் விட்டுப்போவார்கள்.

---

காற்றுமறைவு எழுதியது:

லொக்கார்னோவை நினைவுபடுத்தியதற்கு நன்றி. நான் மறந்தே போயிருந்தேன்.

மலைப்பாதைக்கு: கோபம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாசம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு கேவண்டிஷின் லீட்-அவுட் ஆள் மார்க் ரென்ஷாவைப் பாருங்கள். 2009-ல் பாரிஸின் ஷான்ஸ்-எலிசேயில் ரென்ஷா விட்ட வேகத்தில் கேவண்டிஷ் முதல், ரென்ஷாவே இரண்டாவது. பின்னால் யாரும் பக்கத்தில்கூட இல்லை. மறு வருடம் 11-வது ஸ்டேஜ், போர்-லெ-வாலன்ஸ். கார்மின் அணியின் லீட்-அவுட் ஆள் ஜூலியன் டீன் பக்கத்தில் சாய்ந்து நெருக்க, ரென்ஷா ஓட்டிக்கொண்டே தலையால் முட்டினார். ஒரு முறை இல்லை, பல முறை. கேவண்டிஷ் ஜெயித்தார். ரென்ஷாவை டூரிலிருந்தே வெளியே அனுப்பினார்கள்.

செய்தது ஆபத்தான காரியம். தண்டனை சரிதான். ஆனால் அந்த நொடியில் அவர் தலைக்குள் என்ன ஓடியிருக்கும்? பின்னால் வருபவருக்கு வழி அடைபடக் கூடாது, அவ்வளவுதான். தான் ஜெயிக்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் செய்தது அது.

ரென்ஷா இல்லாமல் கேவண்டிஷ் முடிந்தார் என்று நாங்கள் எல்லாரும் எழுதினோம். போர்தோவிலும் பாரிஸிலும் அவர் ஜெயித்தார்.

---

புதுசக்கரம் எழுதியது:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், முதல்முறை எழுதுகிறேன். ஒரு சந்தேகம். இந்த லீட்-அவுட் ஆட்களும் வேகமானவர்கள்தானே? அவர்களுக்கு ஜெயிக்க ஆசை இருக்காதா? எத்தனை வருடம் இன்னொருவருக்காக 200 மீட்டரில் நின்றுகொண்டிருக்க முடியும்?

---

காற்றுமறைவு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஆசை இருக்கும். ரென்ஷாவுக்கே இருந்தது. 2012-ல் ரபோபேங்க் அணிக்கு ஸ்பிரிண்டராகவே போனார். இரண்டு வருடம் முயன்றார். சில வெற்றிகள் வந்தன, ஆனால் பெரிய இடத்தில் அவர் நினைத்தது நடக்கவில்லை. 2014-ல் திரும்ப கேவண்டிஷ் இருந்த அணிக்கே வந்து பழைய வேலையை எடுத்துக்கொண்டார். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் உலகத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இரண்டும் வேறு வேறு திறமை. ஸ்பிரிண்டருக்குப் பத்து நொடி வெடிக்கத் தெரிய வேண்டும். லீட்-அவுட் ஆளுக்கு அதற்கு முந்தைய ஒரு நிமிடம் தலை குளிர்ந்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், எந்த அணி சீக்கிரம் தீர்ந்துபோகும், என் ஆள் இன்னும் என் பின்சக்கரத்தில்தான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். டென்மார்க்கின் மைக்கேல் மோர்கோவ் இதில் மகா கெட்டிக்காரர். டிராக்கில் மாடிசன் என்கிற, இருவர் ஜோடியாக மாறி மாறி ஓட்டும் போட்டியில் வளர்ந்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதில் தங்கமே வாங்கினார். நெருக்கடியில் இடம் கண்டுபிடிப்பது அவருக்கு அங்கே வந்த பழக்கம். 2021 ஜூலை 9, கார்காசோன், டூரில் அதிக ஸ்டேஜ் ஜெயித்த பழைய சாம்பியன் எட்டி மெர்க்ஸின் 34 வெற்றிகளை கேவண்டிஷ் சமன் செய்த நாள். அன்று இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? மோர்கோவ்தான். விட்டுக்கொடுத்த பிறகும் மற்றவர்களை முந்தவிடவில்லை. அந்தக் கோட்டுப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள்.

பெரிய நட்சத்திரங்களும் இதைச் செய்வதுண்டு. 2012-ல் பாரிஸில் மஞ்சள் ஜெர்சியோடு பிராட்லி விக்கின்ஸ் முன்னால் நின்று கேவண்டிஷுக்காக இழுத்தார். டூரையே ஜெயித்தவர், கடைசி நாள், சும்மா பின்னால் உட்கார்ந்து வந்திருக்கலாம். அந்த மூன்று வாரமும் உலகச் சாம்பியனின் வானவில் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கேவண்டிஷ் அணிக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்திருந்தார், அது வேறு. 2023-ல் யாஸ்பர் ஃபிலிப்சன் நான்கு ஸ்டேஜும் பச்சை ஜெர்சியும் எடுத்தபோது முன்னால் இழுத்தவர் மத்தியூ வான் டெர் பூல்.

பரிசுப் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். டூர் ஸ்டேஜ் வெற்றிக்கு 11,000 யூரோ. அதை ஜெயித்தவர் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, அணிக்குப் பொதுவாகப் போட்டுப் பிரிப்பதுதான் வழக்கம்.

---

குருப்பெட்டோ எழுதியது:

யாரும் பயத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

2020 ஆகஸ்ட் 5, போலந்தின் கட்டோவிச்சே. இறக்கத்தில் முடியும் ஃபினிஷ். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் பக்கம். டிலன் குரூனவேகன் தன் பாதையிலிருந்து விலகி ஃபாபியோ யாகோப்சனைத் தடுப்பு வேலிப் பக்கம் நெருக்கினார். வேலி பெயர்ந்தது. யாகோப்சன் உள்ளே பறந்து விழுந்தார். அணிக்காரர் ஃப்ளோரியான் செனெஷால் ஓடிப்போய், தரையில் ரத்தத்தில் கிடந்தவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். யாகோப்சனைக் கோமாவில் வைத்தார்கள். முகத்தில் 130 தையல். வாயில் ஒரே ஒரு பல் மிஞ்சியது.

நான் அதை நேரலையில் பார்த்தேன். அதற்கப்புறம் சில மாதம் எந்த ஸ்பிரிண்டையும் பார்க்க முடியவில்லை. கடைசி கிலோமீட்டர் வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அவர் டிவியில் அழுது மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு மிரட்டல்கள் வந்து போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. தப்பு அவருடையதுதான். ஆனால் ஒரு நொடியில் செய்த தப்புக்கு அவர் குடும்பம் பட்ட பாட்டை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

இப்போது 2022 டூர், டென்மார்க். ஜூலை 2, நூபோர்க்: ஜெயித்தவர் யாகோப்சன். ஜூலை 3, சன்டர்போர்க்: ஜெயித்தவர் குரூனவேகன். அடுத்தடுத்த நாள். இதை யாரும் கதையாக எழுதிக் கொடுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த டூரில் எனக்கு முக்கியமான நாள் 17-வது ஸ்டேஜ், பெய்ராகுட். ஸ்பிரிண்டர்கள் மலையில் ஜெயிப்பதில்லை, பிழைத்து வருகிறார்கள். ஜெயித்தவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் என்று ஒரு கெடு உண்டு. அதற்குள் வராவிட்டால் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் பின்தங்கியவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டுவார்கள். அதுதான் குருப்பெட்டோ, என் பெயருக்கும் காரணம். அன்று யாகோப்சன் அந்தக் கூட்டத்தையும் தவறவிட்டுத் தனியாக ஏறினார். முன்னாலேயே வந்து சேர்ந்த அணிக்காரர்கள் பஸ்ஸுக்குப் போகாமல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மலைமேல் இருக்கும் அந்த விமான ஓடுபாதைச் சரிவில் சைக்கிள் ஆடியபடி வந்தார். கெடு முடிய இருபது நொடிகூட இல்லை. கோட்டைத் தாண்டியதும் சாய்ந்துவிட்டார், அவர்கள் தாங்கினார்கள்.

அன்று ஜெயித்தவர் தாடே போகச்சார். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

---

மலைப்பாதை எழுதியது:

பெய்ராகுட் காட்சியை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நண்பரே, நான் முன்னால் நினைத்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். மலை ஏறுபவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே மலையை 80 கிலோ உடம்போடு ஏறுபவரைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. யாகோப்சன் அந்த டூருக்கு வந்ததால் வீட்டில் இருந்தது யார்? கேவண்டிஷ். அதே அணி. 34 வெற்றியோடு, இன்னும் ஒன்று ஜெயித்தால் மெர்க்ஸைத் தாண்டலாம் என்ற இடத்தில். மே மாதம் ஜீரோவில் ஹங்கேரியில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்திருந்தார், ஜூனில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அப்படியும் எடுக்கவில்லை. யாகோப்சன் இளையவர், வேகமானவர், முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. கொரில்லா_ரசிகன் சொன்ன அந்த ஒரே ஒரு கடைசிப் பெட்டி, 2010-ல் கிரைப்பலுக்குக் கிடைக்காதது, இப்போது கேவண்டிஷுக்கும் இல்லை.

ஒரு முகத்துக்குச் சந்தோஷம் என்றால் இன்னொரு முகம் எங்கேயோ வாடுகிறது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காததும் இதுதான், விடாமல் பார்க்க வைப்பதும் இதுதான்.

---

கொரில்லா_ரசிகன் எழுதியது:

மலைப்பாதை, இதை நீங்களே எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2022-ல் கேவண்டிஷ் பெயர் பட்டியலில் இல்லை என்று பார்த்தபோது நான்கூட வருத்தப்பட்டேன். 2010-ன் கணக்கெல்லாம் அப்போதே மனசிலிருந்து போய்விட்டது.

---

சிங்கை_சைக்கிள் எழுதியது:

தாமதமாக வருகிறேன். 2024-ஐப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லையே.

2023-ல் கேவண்டிஷ் அஸ்தானா அணிக்குப் போனார். போர்தோவில் ஜெயிக்கும் வேகத்தில் வந்தபோது கியர் தடுமாறி இரண்டாவது. மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஓய்வு பெறுவதாக முன்பே அறிவித்திருந்தவர், இன்னும் ஒரு வருடம் என்று தள்ளிப்போட்டார். அந்த அணி முழுக்க அவரைச் சுற்றியே அமைந்தது. மோர்கோவை லீட்-அவுட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பயிற்சியாளர் வாசிலிஸ் அனஸ்தோபுலோஸ் பழைய அணியிலிருந்து வந்தார். ஓய்வு பெற்றிருந்த ரென்ஷாவும் உதவிக்கு வந்தார், இந்த முறை சைக்கிளில் இல்லை.

2024 ஜூன் 29, முதல் ஸ்டேஜ், ஃப்ளாரன்ஸிலிருந்து ரிமினி. 200 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் ஏற்றமாக, கொளுத்தும் வெயில். முதல் ஏற்றங்களிலேயே கேவண்டிஷ் கழன்றுவிட்டார். ஓட்டிக்கொண்டே வாந்தி எடுத்தார். அதை டிவியில் காட்டினார்கள். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இனி எழுந்து நிற்பாரா என்றே சந்தேகம். அணிக்காரர்கள் முன்னால் போகாமல் அவரோடு தங்கினார்கள். ஒருவர் முன்னால் காற்றை வாங்க, ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்ற, அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் எவருக்கும் அன்று சொந்தமாக ஒரு கணக்கும் இல்லை. இளையவர் மிகேலே கட்ஸோலிக்கு வெயில் தாங்கவில்லை, முதல் நாளே டூரை விட்டு விலகினார்.

நான்கு நாள் கழித்து ஜூலை 3, சான் வுல்பா. கடைசி கிலோமீட்டரில் வரிசை கலைந்துதான் போனது. அவர் தானே ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவி, வெளியே வந்து, ஃபிலிப்சனுக்கு முன்னால் கோட்டைத் தொட்டார். 35. மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். மற்ற அணிக்காரர்கள், அவரிடம் தோற்றவர்கள், வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள்.

அவர் கடைசியாக ஓட்டியது எங்கள் ஊரில். 2024 நவம்பர் 10, சிங்கப்பூர் கிரிட்டீரியம், ஊருக்குள்ளேயே குறுகிய பாதையைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம். ஒரு சுற்றுக்கு ஒரு முறை அந்தக் கூட்டம் வேலியை ஒட்டிக் கடந்துபோகும். சங்கிலிச் சத்தமும் டயர் சத்தமும் சேர்ந்து ஒரு இரைச்சல், பின்னாலேயே முகத்தில் ஒரு காற்று. ஜெயித்தும் விட்டார். காட்சிப் போட்டிதான், தெரியும். ஆனாலும் என் தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

---

கடைசி200 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாமாவை மறுபடி உட்கார வைத்து, முதலில் ரிமினி நாளைக் காட்டினேன், அப்புறம் சான் வுல்பா. வாந்தி எடுத்த இடத்தில் “நிறுத்திட்டு எறங்கச் சொல்லுப்பா” என்றார். கூட ஓட்டியவர்களைக் கைகாட்டி, இவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டார். காற்றுமறைவு எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன்.

கேவண்டிஷ் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தியபோது மாமா அவரைப் பார்க்கவில்லை. திரையில் பின்னால் வந்துகொண்டிருந்த நீலச் சட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். “மத்தவங்க பேரு என்ன?” என்றார். தேடிப் பிடித்து வாசித்தேன்: மோர்கோவ், பல்லெரினி, போல், ஃபெடரோவ், குருஸ்தெவ், லுத்ஸென்கோ.

விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் ஆறில் நிறுத்தினார். “ஏழு பேருன்ன? மொத நாளே போன அந்தப் பையன் பேரையும் சொல்லு.”

கட்ஸோலி என்றேன்.